ராணிவரை போக வேண்டிய மருந்து

டெக்சாஸ் மாநிலத்தில் நெருப்பெறும்புத் தொல்லை என்று வேளாண் விரிவாக்க அலுவலரிடம் போனால், மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கச் சொல்லக்கூடும். புற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, புல்தரையில் நாலைந்து சிப்ஸைப் போட வேண்டும். அரைமணி நேரத்துக்குள் எறும்பு மொய்த்தால் அன்றைக்கு மருந்து தூவலாம். ஒன்றும் வராவிட்டால் மருந்துப் பையைப் பிரிக்கவே கூடாது. எறும்பு இரை தேடி வெளியே வராத நாளில் தூவிய மருந்து வெறும் குப்பை.

கேட்க விளையாட்டாக இருக்கிறது. ஆனால் எறும்பின் பசியைக் கவனிக்க வேண்டும் என்ற இந்த எளிய புத்தி வருவதற்குள், அமெரிக்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் விமானத்திலிருந்து நஞ்சைக் கொட்டிப் பார்த்துவிட்டது.

சிவப்பு நெருப்பெறும்பின் பூர்விகம் தென் அமெரிக்கா, பராகுவே ஆற்றை ஒட்டிய சமவெளி. 1930களில் சரக்குக் கப்பலோடு வந்து அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. 1942இல் அதே ஊரில், தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் எறும்புகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் ஒருவன் அதன் புற்றைக் கண்டு குறித்து வைத்தான். பிற்காலத்தில் எறும்பு ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற எட்வர்ட் ஓ. வில்சன்தான் அந்தப் பையன். 1950களில் எறும்பு டெக்சாஸை எட்டியது.

தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்பக்கக் கொடுக்கால் சுற்றிச் சுற்றிப் பல முறை கொட்டுவது இதன் பழக்கம். பிள்ளைகள் புல்தரையில் இறங்க முடியாது. கொட்டிய இடம் நெருப்பாய் எரியும். மறுநாள் வெள்ளைக் கொப்புளம் கிளம்பும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மின்சாரப் பெட்டிகளின் மேல் வேறு இதற்கு ஏனோ ஒரு பிரியம்: ஏசி இயந்திரத்துக்குள்ளும் போக்குவரத்து சிக்னல் பெட்டிக்குள்ளும் புகுந்து அவற்றைப் பழுதாக்கும். நன்றாக வளர்ந்த ஒரு புற்றில் 2 லட்சம் எறும்புகள்கூட இருக்கும். ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடக்கூடியவள். மேலே நடமாடுகிற எறும்பைக் கொன்று கணக்குத் தீர்க்க நினைப்பவர் தோற்பது இந்த இடத்தில்தான்.

அரசாங்கமும் அப்படித்தான் தோற்றது. 1957இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் டையெல்ட்ரின், ஹெப்டாக்ளோர் என்ற நஞ்சுகள் தென் மாநிலங்களில் பரவலாகத் தூவப்பட்டன. பறவைகளும் மீன்களும் கால்நடைகளும் செத்தன. சூழலியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். அடுத்து வந்தது மைரெக்ஸ். சோளத்தக்கைத் துணுக்குகளை சோயா எண்ணெயில் ஊறவைத்து, அதில் நஞ்சைக் கலந்து, கோடிக்கணக்கான ஏக்கரில் தூவினார்கள். உத்தி என்னவோ சரிதான், நஞ்சுதான் தவறு. மைரெக்ஸ் எளிதில் சிதையாமல் மண்ணில் தங்கியது. மனிதர்களின் கொழுப்பிலேயே அதன் எச்சம் தென்பட்டது. 1978க்குள் அதற்கும் தடை வந்துவிட்டது. இன்னொரு கூத்தும் நடந்தது. மருந்து உள்ளூர் எறும்புகளையும் சேர்த்தே கொன்றது. காலியான நிலத்துக்கு முதலில் திரும்பி வந்து குடியேறியது நெருப்பெறும்புதான். வில்சன் இந்தப் போரைப் பூச்சியியலின் வியட்நாம் என்று வர்ணித்தார்.

மிஞ்சிய பாடம் எறும்பின் சாப்பாட்டு முறையில் இருக்கிறது. வளர்ந்த நெருப்பெறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது; வாயிலுள்ள வடிகட்டி திரவத்தை மட்டுமே உள்ளே விடும். வேலைக்கார எறும்பு தூக்கிவருகிற திடமான இரை, கடைசிப் பருவத்தில் இருக்கும் புழுக்களின் முன் வைக்கப்படுகிறது. புழு அதைக் கரைத்துத் திரவமாக்கித் தர, வேலைக்கார எறும்புகள் அதைக் குடித்து, வாயோடு வாய் ஊட்டி ராணிவரை கொண்டு சேர்க்கின்றன. பெரியவர்களுக்குப் பிள்ளைகள் செரித்துக் கொடுக்கும் குடும்பம் இது. சோள ரவையைத் தின்ற எறும்பு வயிறு உப்பி வெடித்துச் சாகும் என்று அமெரிக்கத் தென் மாநிலங்களில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ரவை அதன் தொண்டைக்குள்ளேயே போகாது என்பதால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே நல்ல மருந்துக்கு இரண்டு குணம் வேண்டும். எண்ணெயில் கரைந்திருக்க வேண்டும். மெதுவாகக் கொல்ல வேண்டும். தூக்கிப்போகிற எறும்பு வழியிலேயே செத்தால் ராணிக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. 1980இல் சந்தைக்கு வந்த ஹைட்ராமெத்தில்நான் இப்படிப்பட்டது. அதோடு வெயில் பட்டால் விரைவில் சிதைந்தும் போகும். மெத்தோப்ரீன், பைரிப்ராக்ஸிஃபென் போன்றவை யாரையும் உடனே கொல்வதில்லை. புதிய வேலைக்காரர்கள் உருவாவதைத் தடுத்து, கூட்டத்தை மூப்படையவிட்டு அழிக்கின்றன. பலன் தெரிய மாதங்கள் ஆகலாம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியாளர்கள் வீட்டுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இரண்டு படிகள். முதற்படியாக, ஆண்டுக்கு ஓரிரு முறை தோட்டம் முழுக்க இரைமருந்தைத் தூவ வேண்டும். ஒரு ஏக்கருக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள் போதும். இவ்வளவு கொஞ்சமா என்று சந்தேகப்பட்டு இரண்டு மடங்கு போடுபவர்களே அதிகம். அதனால் பலன் கூடுவதில்லை. தரை காய்ந்திருக்க வேண்டும், மழை வரக் கூடாது, கோடை என்றால் சாயங்காலம் தூவ வேண்டும். புற்றின் தலையில் கொட்டுவதும் தவறு. இந்த எறும்பு புற்றின் உச்சி வழியாக இரை தேடப் போவதில்லை. மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டிச் சில அடி தள்ளித்தான் வெளியே வருகிறது. பழைய பையில் மிச்சமிருக்கும் மருந்தும் ஆகாது. எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் எறும்பு தொடாது, அதற்கும் நாக்கு இருக்கிறது.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாம் படி. வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று தொந்தரவு தரும் புற்றுகளை மட்டும் தனித்தனியாகக் கவனித்தால் போதும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் ஒரு புற்றுக்குச் சுமார் 11 லிட்டர் கொதிநீர் ஊற்றலாம். பத்தில் ஆறு முறை பலிக்கும் என்பது விரிவாக்கத் துறையின் கணக்கு. பக்கத்திலுள்ள செடியும் வெந்துபோகும், கை தவறினால் காலும்தான். பெட்ரோல் ஊற்றும் வீரர்கள் அங்கேயும் உண்டு. எறும்பு சாகலாம், ஆனால் மண்ணும் நிலத்தடி நீரும் கெடும், வீடும் பற்றி எரியலாம். ஒரு புற்றின் மண்ணை அள்ளி இன்னொரு புற்றில் போட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு சாகும் என்ற வைத்தியமும் வெறும் வதந்தி.

இவ்வளவும் செய்தாலும் பக்கத்து மனை கவனிப்பாரற்றுக் கிடந்தால் அங்கிருந்து புதிய ராணிகள் பறந்து வந்துவிடும். அதனால்தான் ஒரு குடியிருப்பே சேர்ந்து ஒரே வாரத்தில் தூவும் முறையை டெக்சாஸில் ஊக்குவிக்கிறார்கள். செலவும் தலைக்குக் குறைகிறது.

தமிழ்நாட்டில் இதன் நெருங்கிய உறவான வெப்பமண்டல நெருப்பெறும்பு எப்போதோ குடியேறிவிட்டது. அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் அது 16ஆம் நூற்றாண்டிலேயே ஆசியாவுக்குள் வந்திருக்க வேண்டும் என்கின்றன மரபணு ஆய்வுகள். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளின் கண்ணைப் பதம் பார்த்தது வேறு இனம்: மஞ்சள் பைத்திய எறும்பு. அது கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்தைத் தேடுவதில் பயனில்லை.

ஆஸ்திரேலியாவின் நிலைமை டெக்சாஸைவிடச் சிக்கலானது. அமெரிக்கா ஒழிப்பதைக் கைவிட்டு அடக்கிவைக்கப் பழகிக்கொண்டது. 2001 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் சிவப்பு நெருப்பெறும்பைக் கண்ட ஆஸ்திரேலியா இன்னும் முழு ஒழிப்பையே குறிவைத்திருக்கிறது. 2023 முதல் நான்காண்டுகளுக்கு 59 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இதற்கு ஒதுக்கியது. குறிப்பிட்ட பகுதிகளில் வீட்டுக்காரர்களே தூவ இலவச மருந்துப் பெட்டி தருகிறார்கள். சந்தேகப்படும் எறும்பைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது குயின்ஸ்லாந்தின் சட்டம். ரசாயனத்துக்கு அஞ்சி, பணியாளர்களை நிலத்துக்குள் விட மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மைரெக்ஸ் வரலாறு தெரிந்தவர்களால் அந்த அச்சத்தைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

மருந்தைவிட அங்கே கெடுபிடி மண்ணுக்குத்தான். மண், வைக்கோல், மூடாக்கு, பூந்தொட்டி எதையும் எறும்புள்ள பகுதியிலிருந்து நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது. ராணி தன் சிறகால் கடப்பது சில கிலோமீட்டர். 2025இல் பிரிஸ்பேனிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே, மத்திய குயின்ஸ்லாந்தின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இந்த எறும்பு பிடிபட்டது. அவ்வளவு தூரம் அது பறந்து போயிருக்க வழியில்லை.