அந்துருண்டை தந்த அரியர்

முதலாமாண்டு வேதியியலில் எனக்கு அரியர் விழக் காரணம் ஓர் அந்துருண்டை என்றால் சிரிப்பீர்கள். "நாப்தலீன் ஏன் எளிதில் ஆவியாகிறது?" என்ற கேள்விக்கு, "அதன் சகப்பிணைப்பு பலவீனமானது" என்று தைரியமாக எழுதிவிட்டு வந்தேன். இரண்டே மார்க்கில் போச்சு!

மறுபடி படிக்கும்போதுதான் புரிந்தது. பிணைப்பு வேறு, ஈர்ப்பு வேறு. ஒரு நாப்தலீன் மூலக்கூறில் 10 கார்பனும் 8 ஹைட்ரஜனும் சகப்பிணைப்பால் கெட்டியாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. அது அறுவதே இல்லை. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையில் இருப்பதுதான் லேசான வாண்டர் வால்ஸ் விசை. டிரங்குப் பெட்டியில் போட்ட உருண்டை இளைத்துப்போகிறதே, அங்கே மூலக்கூறுகள் முழுசு முழுசாகக் கழன்று காற்றில் போகின்றன. அவை உடைந்திருந்தால் அந்த வாசனை ஏது?

அதனால்தான் நாப்தலீன் 80 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது. சமையல் உப்பில் தனி மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்து இழுத்துப் பிடிக்கின்றன. அதை உருக்க 801 டிகிரி வேண்டும். வைரத்திலோ கல் முழுக்கச் சகப்பிணைப்பு வலை, சாமானியத்தில் அசையாது.

உருகுநிலை பற்றிக் கேள்வி வந்தால் பேனாவை எடுக்குமுன் உங்களையே கேளுங்கள்: "இங்கே விட்டுப்போவது எது? பிணைப்பா, ஈர்ப்பா?" என்னைப் பாஸாக்கியது அந்த ஒரு கேள்விதான்!