சுவர் விரிசலுக்குப் பட்டி பார்த்தால் போதுமா? கரிசல் மண் வீட்டுக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

கோடை லீவுக்கு ஊருக்குப் போனப்போ இதைக் கவனிச்சிருப்பீங்க. போன பொங்கலுக்குப் பெயின்ட் அடிச்ச சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு. பெட்ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. ஹாலில் ஒரு டைல்ஸ் மட்டும் காலில் தட்டுது. கேட்டால், "வீடு பழசாகிருச்சுல்ல" என்பார்கள். வீட்டுக்கு வயசு என்னவோ பத்துகூட ஆகியிருக்காது.

கோவில்பட்டி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் கட்டிய வீடு. "பொங்கலுக்குப் பொங்கல் அடைக்கோம். சித்திரை வந்தா திரும்பத் தொறந்துக்கிடுது" என்று அப்பா அலுத்துக்கொள்வார். அந்த அறையில் படுக்கவே அம்மாவுக்குப் பயம். ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, "மூலை இறங்குது, அடியில தோண்டி கான்கிரீட் போடணும்" என்று லட்சங்களில் ஒரு தொகை சொன்னார். அப்பா நகைக் கடன் வாங்கும் யோசனைக்கே போய்விட்டார். அப்போதுதான் இந்த மண்ணைப் பற்றிப் படிக்கவும், தெரிந்த இன்ஜினீயர்களைக் கேட்கவும் ஆரம்பித்தேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பருத்திக்கு வரம்... வீட்டுக்குத் தலைவலி!

கோவில்பட்டி, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களில் தொடங்கி கோவை வரை பல இடங்களில் இருப்பது கரிசல் மண். களிமண் வகை. இதில் 'மான்ட்மோரில்லோனைட்' என்ற கனிமம் அதிகம். அடுக்கி வைத்த அப்பளக் கட்டு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளால் ஆனது அது. மழை பெய்தால் தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்து மண் உப்பும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் இந்தக் குணம்தான் பருத்தியை வளர்க்கிறது. வீட்டுச் சுவரைப் பிளப்பதும் இதே குணம்தான்.

நம்ம ஊர் பருவநிலை இதை இன்னும் மோசமாக்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பிறகு மாசக்கணக்கில் வெயில். ஒவ்வொரு வருஷமும் மண் ஒரு முறை மேலே வந்து, ஒரு முறை கீழே போகிறது. மொத்த வீடும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பிரச்னையே இல்லை. ஆனால், வெளிச்சுவரை ஒட்டிய மண் வெயிலில் காயும். வீட்டு நடுவில், தரைக்கு அடியில் இருக்கும் மண் ஈரமாகவே இருக்கும். ஓரம் ஒரு பக்கம், நடு ஒரு பக்கம் இழுத்தால் செங்கல் சுவர் என்ன செய்யும்? விரிசல் விடும்.

இன்னொரு விஷயம். இதில் அதிகம் அடிபடுவது பெரிய கட்டடங்கள் இல்லை, நம்மைப் போன்றவர்களின் ஒற்றைத் தள வீடுகள்தான். உப்பும் மண்ணை அமுக்கிப் பிடிக்கும் அளவுக்கு அவற்றுக்கு எடை கிடையாது. மூன்று, நான்கு அடி வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டிருப்பார்கள். ஏறி இறங்கும் மண்ணின் நடுவிலேயே அது உட்கார்ந்திருக்கும்.

எல்லா விரிசலும் வில்லன் இல்லை!

விரிசலைப் பார்த்ததும் பதற வேண்டாம். முதலில் அது எந்த வகை என்று பாருங்கள்.

• சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள்: பூச்சு காயும்போது வந்தவை. சிமென்ட் அதிகமாகப் போட்டிருக்கலாம், சரியாகத் தண்ணீர் விட்டு ஆற்றாமல் இருந்திருக்கலாம். அழகுதான் போகும், ஆபத்து இல்லை.

• பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடு: இரண்டும் வேறு வேறு பொருள், வெயிலுக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். பூச்சைப் பெயர்த்து, கோழி வலை அடித்து, மறுபடி பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

• கூரைத் தளத்துக்குக் கீழே படுக்கைவாட்டில் ஒரு கோடு: வெயிலில் மொட்டைமாடி விரிந்து சுருங்குவதால் வருவது. மருந்து மாடியில்தான் இருக்கிறது. தட்டோடு பதிப்பது, வெள்ளை கூலிங் பெயின்ட் அடிப்பது போன்றவை உதவும்.

• ஜன்னல், கதவு மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாகப் போவது: இதுதான் அஸ்திவாரம் அனுப்பும் மெசேஜ். சுவரின் இரண்டு பக்கமும் தெரிந்தால், கோடையில் விரிந்து மழையில் மூடினால், சந்தேகமே வேண்டாம், மண்தான்.

அகலமும் முக்கியம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அடுத்து வடிவம். மேலே அகலமாக, கீழே ஒடுங்கி இருந்தால் வீட்டின் மூலை இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். கீழே அகலமாக, மேலே ஒடுங்கி இருந்தால் மூலை மேலே தூக்கப்படுகிறது, அல்லது நடுப்பகுதி இறங்குகிறது. இது முதல் துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

உங்க போன்தான் டிடெக்டிவ்!

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஸ்கேலை ஒட்டினாற்போல் வைத்து போட்டோ எடுங்கள். மாதம் ஒரு முறை, அதே இடம், அதே தூரம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முடிந்தால், விரிசல் வளர்கிறதா, மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கொத்தனார்கள் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

முதலில் தண்ணீரைப் பிடிங்க!

சுவரைத் தொடுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பாத்ரூம் பைப் கசிகிறதா, செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறதா, ஏசி தண்ணீரும் மாடித் தண்ணீரும் சுவர் ஓரத்திலேயே விழுகிறதா? ஒரே இடத்தில் மட்டும் ஈரம் தங்குவதுதான் களிமண்ணில் பெரிய எதிரி. எல்லாவற்றையும் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்று, நான்கு அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டால் சுவரோரத்தில் தண்ணீரும் இறங்காது, வெயிலும் நேராகத் தாக்காது.

மரம்? சுவரை ஒட்டிய வேம்பும் புங்கையும் கோடையில் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். புதிதாக வைப்பதாக இருந்தால், மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். அதற்காக, பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். அது இத்தனை நாள் குடித்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, வேறு பக்கம் விரிசல் வரலாம். இன்ஜினீயரைக் கேட்டு முடிவெடுங்கள்.

சரி, ரிப்பேர் எப்படி?

அசைவு நின்ற பிறகுதான் சுவரைத் தைக்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே, சில வரிசைகளுக்கு ஒரு முறை, செங்கல் இணைப்பில் இருக்கும் சாந்தைக் குடைந்து எடுத்து, துருப்பிடிக்காத கம்பி வைத்து, கிரவுட் நிரப்புவார்கள். பிறகு வலை அடித்துப் பூச வேண்டும். 'கெட்டியா இருக்கட்டும்' என்று சிமென்ட்டை அள்ளிப்போட வேண்டாம். சுண்ணாம்பு கலந்த சாந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெறும் சிமென்ட் சாந்து உடையத்தான் செய்யும்.

தண்ணீரைச் சரிசெய்தும் சுவர் நகர்ந்தால் மட்டுமே அஸ்திவாரத்துக்குக் கீழே ஆழப்படுத்தும் வேலை. ஒரு நேரத்தில் மூன்று, நான்கு அடி நீளம் மட்டும் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே வேறொரு துண்டைத் தொட வேண்டும். "ஒரே நாள்ல முழுச் சுவரும் தோண்டிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் அனுப்பி வைத்துவிடுங்கள். சுவர் மேலேயே விழும் ஆபத்து உண்டு. இன்ஜினீயரின் வரைபடம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

புதுசா கட்டப் போறீங்களா?

மண் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். 'ஃப்ரீ ஸ்வெல்' என்றொரு எளிய டெஸ்ட் இருக்கிறது. உலர்ந்த மண் 10 கிராம் ஒரு ஜாரில் தண்ணீரோடு, இன்னொரு 10 கிராம் வேறொரு ஜாரில் மண்ணெண்ணெயோடு. ஒரு நாள் விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதைவிடத் தண்ணீரில் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. வித்தியாசம் 50 சதவிகிதத்தைத் தாண்டினால் உஷார்.

இந்த மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறைதான் 'அண்டர் ரீம்டு பைல்'. சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே போனால் மண்ணின் ஈரம் வருஷம் முழுக்க அதிகம் மாறாது. அந்த ஆழம் வரை குழி போட்டு, அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். மண் உப்பினாலும் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். பேஸ்மட்டத்தை நிரப்ப, தோண்டிய கரிசலையே திரும்பப் போடாமல் நன்கு திமிசு போட்ட கிராவல் போடச் சொல்லுங்கள்.

எங்க வீடு என்னாச்சு?

எங்கள் வீட்டு விரிசல் கீழேதான் அகலமாக இருந்தது. அதாவது, மூலை இறங்கவில்லை, தூக்கப்பட்டிருந்தது! பாத்ரூம் கழிவு நீர்க் குழாயின் வளைவு மண்ணுக்குள் உடைந்து, அந்த மூலைக்கு மட்டும் வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கோடையில் மற்ற பக்கமெல்லாம் காய்ந்து இறங்க, அந்த மூலை மட்டும் உப்பியே நின்றிருக்கிறது. கான்ட்ராக்டர் சொன்னபடி செய்திருந்தால், அடியில் கான்கிரீட் போட்டுவிட்டு உடைந்த குழாயை அப்படியே விட்டிருப்போம்.

குழாயை மாற்றி, சுற்றிலும் சரிவுத் தளம் போட்டோம். உடனே பூசவில்லை. ஈரமாக இருந்த மூலை காய்ந்து தன் இடத்துக்குத் திரும்ப ஒரு வருஷம் காத்திருந்தோம். விரிசல் பாதிக்கு மேல் தானாகவே மூடிவிட்டது. மிச்சத்தைக் கம்பி வைத்துத் தைத்தோம். மாதம் பிறந்தால் அப்பா இப்போதும் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுகிறார். நகைக் கடன் வாங்கவில்லை. அம்மா மறுபடி அந்த அறையில்தான் தூங்குகிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பட்டி டப்பா வாங்குவதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால், பாதி விடை கிடைத்த மாதிரிதான்!