65 அங்குல டிவி: அம்மாவின் நாற்காலி எங்கே இருக்கிறது?

டிவி கடையில் 3,000 ரிங்கிட் என்பது ஒரு சங்கடமான தொகை. 1,500 ரிங்கிட் என்றால் கிடைப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். 7,000, 8,000 என்றால் நேராக ஓஎல்இடி பக்கம் போய்விடலாம். நடுவில் நிற்கிற இந்த 3,000 ரிங்கிட்டுக்குத்தான் கடைக்காரர் ஒரு முழுச் சுவரையே காட்டுவார். 55, 65, 75 அங்குலம், க்யூஎல்இடி, மினி எல்இடி, 120 ஹெர்ட்ஸ், டோல்பி விஷன் என்று எல்லாமே மின்னும். எல்லாவற்றுக்கும் இந்த வாரம் மட்டும்தான் இந்த விலை.

கடந்த தீபாவளிக்கு முன்பு கிள்ளானில் அக்கா வீட்டுக்கு ஒரு பெரிய திரை வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்காவும் அத்தானும் ஓராண்டாக மாதாமாதம் ஒதுக்கி வைத்த பணம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். எந்த டிவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் அதை அதிகம் பார்க்கப் போவது யார், அவர் எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். பாதிச் சுவர் தானாகவே கழன்றுவிடும்.

அக்கா வீட்டில் அந்த ஆள் அம்மா. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு மாடி ஏறும் வேலை இல்லை, கீழேதான் படுக்கை. அக்காவும் அத்தானும் வேலைக்கு, பையன் காலேஜுக்கு. காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிவரை அந்த வீட்டில் அம்மாவோடு பேசுவது டிவி ஒன்றுதான். பழைய 40 அங்குலப் பெட்டியில் முகம் சரியாகத் தெரியவில்லை, வசனம் காதில் விழவில்லை என்று சில மாதங்களாக அதையும் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கத் தொடங்கியிருந்தார். அக்கா அவசரப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

அம்மாவின் நாற்காலி வாசல் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். தபால்காரர், பக்கத்து வீட்டு மாக்சிக், பள்ளி வேன் எல்லாம் தெரியும். நாற்காலியை நடுவில் போடலாமே என்று அத்தான் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையிலேயே அந்த யோசனை முடிந்துபோனது. ஆக, டிவி சுவருக்கு நேர் எதிரே சோபா. அம்மாவோ பக்கவாட்டில், கிட்டத்தட்ட 45 டிகிரி கோணத்தில்.

முதலில் அளவு. கடைக்குப் போகும் முன்பு அளவுநாடாவை எடுங்கள். உட்காரும் தூரம் திரையின் மூலைவிட்ட அளவைப்போல் சுமார் 1.6 மடங்கு இருந்தால் வசதியாகப் பார்க்கலாம் என்பது பரவலான கணக்கு. 55 அங்குலத்துக்கு 7 அடிக்குச் சற்று மேல், 65க்கு எட்டரை அடி, 75க்கு 10 அடி. அக்காவின் ஹாலில் சோபாவிலிருந்து சுவர்வரை 10 அடி. கணக்குப்படி 75 அங்குலமே வைக்கலாம். ஆனால் சுவர் இடம் கொடுக்க வேண்டுமே! ஒரு பக்கம் சாமி மேடை, மறுபக்கம் மாடிப்படி; இடையில் ஐந்தரை அடி, அதாவது 168 சென்டிமீட்டர். 75 அங்குல டிவியின் அகலம் 166 சென்டிமீட்டர். விளிம்பு சாமி படத்தை இடிக்கும். 65 அங்குலம் 144 சென்டிமீட்டர்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. 55க்கும் 65க்கும் வெறும் 10 அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். பரப்பளவில் அது ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல். அம்மாவின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

சுவரில் மாட்டாமல் அலமாரி மேல் வைப்பவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். இப்போது வரும் பெரிய திரைகள் பலவற்றுக்கு நடுவில் கால் இல்லை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கால். பழைய அலமாரி குட்டையாக இருந்தால் ஒரு கால் காற்றில் தொங்கும். காலுக்குக் கால் உள்ள இடைவெளி தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் இருக்கும். கடைப் பணியாளரிடம் கேட்டால், பாதிப் பேர் கையை விரித்துத்தான் காட்டுவார்கள்.

அடுத்தது பேனல். இதைத்தான் விளம்பரத்தில் போட மாட்டார்கள். இந்த விலையில் இரண்டு வகை எல்சிடி பேனல்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். அதன் வெள்ளை, கறுப்பைவிட 3,000 மடங்குக்கும் மேல் ஒளிரும். ஐபிஎஸ்ஸில் அது சுமார் 1,000 மடங்குதான். இருட்டறையில் படம் பார்க்கிறவர்களுக்கு விஏதான் சரி. ஆனால் விஏ பேனலை நேரே இருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளுத்து, முகமெல்லாம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். ஐபிஎஸ் பக்கவாட்டிலும் நிறத்தை அவ்வளவாக விட்டுக்கொடுக்காது. க்யூஎல்இடி, மினி எல்இடி என்பதெல்லாம் பின்னால் இருக்கும் விளக்கையும் நிறப் படலத்தையும் பற்றிய பெயர்கள். பேனல் எந்த வகை என்பதை அவை சொல்வதில்லை. ஒரே மாடலில்கூட 55 அங்குலத்துக்கு ஒரு பேனலும் 65க்கு வேறு பேனலும் வருவதுண்டு.

இதைக் கண்டுபிடிக்க அறிவியல் தேவையில்லை. கடையில் டிவிக்கு நேரே நின்று யாராவது ஒருவரின் முகத்தைப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் ஐந்து எட்டு நகர்ந்து அதே முகத்தைப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தபோது, சுவரிலேயே மிக அழகாகத் தெரிந்த மினி எல்இடி பெட்டி அம்மாவின் கோணத்தில் மங்கிப்போனது. "நேரா உட்கார்ந்து பார்த்தா சூப்பரா இருக்கும் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. உண்மைதான். ஆனால் நேராக உட்காரப் போவது இரவு 10 மணிக்குக் கால்பந்து பார்க்கும் அக்கா மகன்.

இழுத்துத் திருப்பும் பிராக்கெட் போட்டு டிவியையே அம்மா பக்கம் திருப்பலாம் என்றும் யோசனை வந்தது. செங்கல் சுவர் என்பதால் 20 கிலோவைத் தாங்கும். ஆனால் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் அந்தப் பிராக்கெட் இருக்கிறது. மூன்றிலும் முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் திருப்பியதில்லை.

வரிசை வீடுகளில் வெளிச்சம் ஒரே பக்கமாக, வாசலிலிருந்து வரும். அது திரையில் பட்டுத் தெறிக்கும். இப்போது வீட்டில் இருக்கும் டிவியைப் பகலில் அணைத்துவிட்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கேட், கிரில், சாமி மேடையின் சிவப்பு விளக்கு என எது தெரிந்தாலும் அது புது டிவியின் படத்திலும் தெரியும். பெரிய திரையில் இன்னும் பெரிதாகத் தெரியும். திரைச்சீலை ஒன்று மாட்டினால் பாதித் தொல்லை தீரும். அதற்காக 1,000 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்துப் பளபளப்பு குறைந்த திரையைத் தேட வேண்டியதில்லை.

கடையில் ஓடும் காட்சிகளை நம்பாதீர்கள். மயில் தோகை, பழம், பனிமலை. அவை 4கே தரத்தில் கடைக்காகவே எடுக்கப்பட்டவை. திரையும் கண்ணைப் பறிக்கும் பிரகாச நிலையில் வைக்கப்பட்டிருக்கும். நம் வீட்டில் ஓடப்போவது சீரியல், செய்தி, யூடியூபில் பழைய பாட்டு. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. முழு எச்டி படத்தில் அதில் கால்வாசிதான். மிச்சம் முக்கால்வாசிப் புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். அந்த ஊகம் ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு மாதிரி. யூடியூபில் பழைய எம்ஜிஆர் பாட்டு ஒன்றைப் போடச் சொன்னேன். இரண்டு டிவிகளில் முகம் மெழுகு பொம்மைபோல் வழவழத்தது. ஒன்றில் மட்டும் முகம் முகமாக இருந்தது. பக்கத்தில் நின்ற குடும்பமும் தங்கள் டிவியில் ஒரு பாட்டைப் போடச் சொன்னார்கள். அந்தத் தம்பிக்கு அன்று கொஞ்சம் கஷ்டம்தான்.

எச்டிஆர், டோல்பி விஷன் முத்திரைகளுக்காக மட்டும் விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். எச்டிஆர் சமிக்ஞையை வாங்கிக்கொள்வது வேறு, அதைக் காட்டும் அளவுக்குத் திரையில் பிரகாசம் இருப்பது வேறு. விலை குறைந்த பெட்டிகளில் முத்திரை இருக்கும், பிரகாசம் இருக்காது. டோல்பி விஷன்தான் வேண்டும் என்றால் சாம்சுங்கில் அது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 120 ஹெர்ட்ஸ் என்று அட்டையில் இருந்தால், அது பேனலின் உண்மையான வேகமா, மென்பொருளால் காட்டும் வேகமா என்று கேளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'மோஷன்' என்ற சொல் ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம். விளையாட்டுக் கருவி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது முக்கியம். சீரியலுக்கு 60 ஹெர்ட்ஸ் தாராளம்.

இனி ஒலி. என்னைக் கேட்டால் இந்தப் பட்ஜெட்டில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். "மியூசிக் மட்டும் காதைப் பொளக்குது, பேசுறது ஒண்ணும் கேக்கல" என்பார் அம்மா. அவர் காதில் பெரிய குறை எதுவும் இல்லை. டிவி மெலிய மெலிய அதன் ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ போய்விட்டன. வசனம் சுவரில் பட்டுச் சுற்றிக்கொண்டு வருகிறது. 65 அங்குலத் திரையிலும் பெரும்பாலும் 20 வாட்ஸ்தான். இதற்கு நடு ஒலிபெருக்கி உள்ள சவுண்ட்பார் ஒன்று போதும். பெட்டியில் 2.1 என்று போட்டிருந்தால் நடுவில் இல்லை, 3.1 என்றால் உண்டு. வசனம் அந்த நடு ஒலிபெருக்கியிலிருந்துதான் வரும். டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் அதைச் செருகுங்கள். அப்போதுதான் ஒரே ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்களுக்கு இரண்டாவது ரிமோட் என்பது தண்டனை. சவுண்ட்பாரின் உயரத்தையும் பாருங்கள். டிவியின் அடியில் இருக்கும் ரிமோட் உணர்வியை அது மறைத்துவிடக்கூடாது.

கடைசியில் ஐபிஎஸ் பேனல் உள்ள சாதாரண 65 அங்குலம் ஒன்று 2,300 ரிங்கிட்டுக்குள் வந்தது. 3.1 சவுண்ட்பார் 500 ரிங்கிட்டுக்குக் கீழே. இரண்டும் சேர்ந்தும் 3,000ஐத் தாண்டவில்லை. அக்கா மகனுக்கு மனக்குறைதான். "மாமா, நைட்ல ப்ளாக் எல்லாம் க்ரேவா இருக்கு" என்கிறான். அவன் சொல்வது சரி; அதுதான் ஐபிஎஸ்ஸின் விலை. டிவிக்குப் பின்னால் சின்ன எல்இடி விளக்கு ஒன்றை ஒட்டிக் கொடுத்தேன். பின்சுவர் லேசாக ஒளிரும்போது கறுப்பு கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். இருட்டில் தனியாகப் படம் பார்க்கிற ஒருவர்தான் உங்கள் வீட்டின் முக்கியப் பார்வையாளர் என்றால், நான் சொன்ன தேர்வை அப்படியே தலைகீழாக்கி விஏ பேனலை வாங்குங்கள்.

எரிசக்தி நட்சத்திர முத்திரையில் ஆண்டு மின்செலவு அச்சிட்டிருக்கும். அம்மாவைப்போல் பத்து மணி நேரம் பார்ப்பவர் வீட்டில் இருந்தால் அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 150 வாட்ஸ் பெட்டி நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 45 யூனிட்.

சவுண்ட்பாரோடு மின்னழுத்தப் பாதுகாப்புச் செருகி ஒன்றையும் வாங்கினோம். நம் ஊர் மாலை இடி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செருகி மட்டும் போதாது. கூரைத் தட்டிலிருந்து அஸ்ட்ரோ பெட்டிக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவிக்கும் மின்னல் வந்துவிடும். இடி மழை தொடங்கும் முன்பே பிளக்கோடு தட்டுக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னலால் ஏற்படும் பழுதைப் பொதுவாக உத்தரவாதம் ஏற்காது.

பெட்டி வந்து இறங்கும்போது கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். பிரித்து, மின்சாரம் கொடுத்து, முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்புப் படங்களைக் காட்டிப் பாருங்கள், யூடியூபிலேயே கிடைக்கும். கோடு, செத்த புள்ளி, மூலை விரிசல் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். மைவியில் படுக்க வைத்துத் தூக்கி வரும் எண்ணம் வேண்டாம்; இவ்வளவு பெரிய திரையைப் படுக்க வைத்தால் அது தன் எடையிலேயே வளைந்து நொறுங்கலாம். அட்டைப் பெட்டியை இரண்டு வாரமாவது வைத்திருங்கள்.

அதற்குப் பிறகும் கடை இழுத்தடித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது வேண்டும். கடைகள் தரும் வெப்பத்தாள் ரசீது சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.