காய்ச்சல் இறங்கிடுச்சு, இனி டாக்டர் எதுக்கு? – டிங்கியும் கூகுள் வைத்தியமும்



'நோய் அறிகுறிகளை இணையத்தில் தேடலாமா, மருத்துவரை நம்பலாமா?' என்பது வாதக் கட்டுரைக்கு நல்ல தலைப்பு. ஆனால், பலர் "இணையத்தில் தவறான தகவலும் உண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எங்கே தவறு வருகிறது, அதனால் என்ன ஆகும் என்று காட்டினால்தான் கருத்து நிற்கும். அதற்கு நமக்குத் தெரிந்த நோய் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: டிங்கி.

நம்ம ஊர்க் காய்ச்சல்

டிங்கிக்கும் பினாங்குக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. 1901 டிசம்பரில் இங்கே பரவிய டிங்கியைப் பற்றி 1902இல் மருத்துவ இதழில் வந்த கட்டுரையே மலாயாவின் முதல் டிங்கிப் பதிவாகக் கருதப்படுகிறது. இரத்தக்கசிவுடன் கூடிய கடும் டிங்கியும் இந்நாட்டில் முதலில் பதிவானது பினாங்கில்தான், 1962இல். சுங்கை பினாங் போன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் இடங்களில் பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். "எங்க பிளாக்ல ரெண்டு பேருக்கு டிங்கியாம்" என்ற பேச்சு உங்களுக்கும் புதிதாக இருக்காது.

காய்ச்சல் விட்ட நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்

சாதாரணக் காய்ச்சலில் சூடு குறைந்தால் உடம்பு தேறுகிறது என்று பொருள். டிங்கியில் அப்படி நம்பிவிட முடியாது. காய்ச்சல் 2 முதல் 7 நாள் வரை இருக்கும். அது இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதற்குள் கவனிக்காவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பையனுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. திறன்பேசியில் தேடினால் "ஓய்வெடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று வருகிறது. "சரியாயிடுச்சு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாம்"னு வீட்டில் முடிவு செய்கிறார்கள். படித்த வரி பொய்யில்லை. ஆனால், அது எந்த நோயாளிக்கு, நோயின் எந்த நாளுக்கு என்பது திறன்பேசிக்குத் தெரியாது.

கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, அமைதியின்மை ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அறிகுறி ஒன்று, நோய் வேறு

காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். சளிக்காய்ச்சலும் வரும், டிங்கியும் வரும், எலிக்காய்ச்சலும் வரும். வெள்ளம் வடிந்த பிறகு எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். 2017 நவம்பர் பெருவெள்ளத்தைக் கண்ட பினாங்குவாசிகளுக்கு இது பொருந்தாத செய்தியல்ல. எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். டிங்கி வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. உடம்புவலிக்கு வழக்கமாக விழுங்கும் ஆஸ்பிரின், இப்யூபுரோஃபன் போன்ற மாத்திரைகள் டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டலாம். நோயைத் தவறாக ஊகித்தால் மருந்தும் தவறாகிவிடும்.

2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிகுறிகளைக் கேட்டு நோயைச் சொல்லும் 23 கருவிகளைச் சோதித்தது. அவை சரியான நோயை முதல் விடையாகச் சொன்னது 34 விழுக்காடுதான். கருவிகள் இன்று முன்னேறியிருக்கலாம். ஆனாலும் அவற்றால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ முடியாது.

டாக்டர் எதைப் பார்க்கிறார்?

முதல் சில நாள்களில் என்.எஸ்.1 சோதனை டிங்கியைக் காட்டக்கூடும். நாள் போகப் போக அதன் கூர்மை குறையும். ஆகவே 'நெகட்டிவ்' என்றால் டிங்கி இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அதனால்தான் "நாளைக்கும் வாங்க, இரத்தம் பார்க்கணும்" என்கிறார்கள். பிளேட்லெட் குறைகிறதா, இரத்தம் கெட்டியாகிறதா என்று ஒரு நாள் முடிவை மறுநாள் முடிவோடு ஒப்பிடுகிறார்கள். பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கூட்டலாம் என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால், பெரிய ஆபத்தான பிளாஸ்மா கசிவை அது நிறுத்தும் என்று நிறுவப்படவில்லை. சாறு குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' இதையே சொல்கிறது. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயல்படுபவரே கற்ற மருத்துவர் என்கிறார் வள்ளுவர். இணையம் நோயின் பெயரைச் சொல்லலாம். நோயாளியின் நிலையையும் காலத்தையும் நேரில் இருப்பவர்தான் அறிவார்.

இன்னொன்றும் உண்டு. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி டிங்கி நோயாளியைப் பற்றி மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் அவ்விடத்தில் கொசு ஒழிப்புப் பணி நடக்கிறது. வீட்டிலேயே 'டிங்கிதான்' என்று முடிவு செய்துகொண்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

அப்படின்னா இணையமே வேண்டாமா?

வேண்டும். நோயைக் கண்டுபிடித்த பிறகு அதைப் புரிந்துகொள்ள, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ள, வாங்கும் மருந்தில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா என்று சரிபார்க்க இணையம் உதவும். சுகாதார அமைச்சின் தளங்களில் தொடங்குங்கள். புலனத்தில் வந்த குரல்பதிவில் தொடங்க வேண்டாம்.

டாக்டரை நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வது இல்லை. முதல் நாள் "சாதாரண காய்ச்சல்" என்று சொல்லியிருந்தாலும், மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் திரும்பப் போங்கள். "டாக்டர், டிங்கியா இருக்குமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

கட்டுரைக்குக் கைகொடுக்க

- கருத்து: இணையம் தகவல் தரும், நோயாளியின் நிலையையும் காலத்தையும் கணிப்பது மருத்துவர்.
- சான்று: டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டம்.
- மறுப்பும் பதிலும்: 'மருத்துவரும் தவறலாம்.' உண்மை. அதனால்தான் மறு பரிசோதனையும் இரண்டாவது மருத்துவரின் கருத்தும் உள்ளன.
- சொல்வளம்: அபாய அறிகுறி, சுயமருத்துவம், நம்பகத்தன்மை, மறு பரிசோதனை.

ஆசிரியர்களே, தேர்வு நெருங்கும்போது காய்ச்சலை மறைத்துக்கொண்டு வகுப்புக்கு வரும் மாணவர்கள் உண்டு. "காய்ச்சல் எத்தனையாவது நாள்? இரத்தம் பார்த்தாச்சா?" என்று அவர்களிடம் கேளுங்கள்.