மின்னடுப்பும் துண்டிப்பானும்

மின்னடுப்பை இயக்கியதும் வீடு முழுதும் இருளுமாயின், பழியைத் துண்டிப்பான் மீது சுமத்துவது பலரின் வழக்கம். பெரும்பாலும் அது தன் பணியைச் சரிவரச் செய்ததாலேயே விழுந்திருக்கும். எந்தத் துண்டிப்பான் விழுந்தது, எப்போது விழுந்தது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டால் பழுதின் இருப்பிடம் பாதி புலப்பட்டுவிடும்.

எம்.சி.பி. என்னும் துண்டிப்பான் மிகுதியான மின்னோட்டத்தைத் தடுப்பது. 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கும். அதனை 6 ஆம்பியர் சுற்றில் இணைத்தால், துண்டிப்பானில் உள்ள ஈருலோகத் தகடு மெல்லச் சூடேறி வளைந்து, சிறிது நேரம் கழித்தே சுற்றை முறிக்கும். அதே சுற்றில் மிக்சியும் ஓடினால் முறிவு விரைவில் நிகழும். இயக்கிய நொடியிலேயே எம்.சி.பி. விழுந்தால் குறுக்குச்சுற்றை ஐயுற வேண்டும்.

ஆர்.சி.சி.பி. வேறு வகையினது. செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. வீடுகளில் பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் முறியும். குழாய்ச் சுருள் கொண்ட மின்னடுப்புகளில் இக்கசிவு நேரும் விதம் அறியத்தக்கது. உலோகக் குழாயின் நடுவே நிக்ரோம் இழை செல்கிறது. இழைக்கும் குழாய்க்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக நிரப்பப்பட்டுள்ளது. வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் அத்தூளுக்கு, ஈரத்தை உறிஞ்சும் குறையும் உண்டு. மழைக்காலம் முழுதும் பரணில் கிடந்த அடுப்பில், குழாயின் முனை அடைப்புகள் தளர்ந்திருந்தால் ஈரம் உட்புகும். காப்புத்தன்மை குன்றி மின்சாரம் குழாய்க்குக் கசியும்.

அடுப்பின் இணைப்பை நீக்கியபின்னும் துண்டிப்பான் நிலைக்கவில்லையெனில் பழுது வீட்டு இணைப்புகளிலோ வேறு கருவியிலோ உள்ளது. நிலைத்து நின்று, அடுப்பைச் செருகி இயக்கியதும் விழுந்தால் அடுப்பே குற்றவாளி.

இந்நிலையில் சிலர் செருகியில் உள்ள பச்சை நிறப் புவிக்கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். துண்டிப்பான் விழுவது நின்றுவிடும், கசிவு நிற்பதில்லை. அடுப்பின் உலோக உடல் மின்னூட்டம் பெற்றுக் காத்திருக்க, ஈரக்கையால் தொடுபவரின் உடலே புவிக்குச் செல்லும் வழியாகிறது. 6 ஆம்பியர் துண்டிப்பானுக்கு மாற்றாக 16 ஆம்பியரைப் பொருத்துவதும் இதனினும் குறைந்த பிழையன்று; மெல்லிய கம்பிகள் சுவருக்குள்ளேயே காய்ந்து உருகும். மின்பணியாளர் மெகர் கருவியால் காப்புத்தடையை அளந்து பார்ப்பார். அது குறைந்திருப்பின் சுருளை மாற்றுவார்.