எழுந்து நிற்காத அம்மா

எளாவூரில் ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் கிழமையைவிட ஷிஃப்ட்தான் முக்கியம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கணவரைத் தூங்கவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு ஆராதனைக்கு ஓடுகிற பெண்கள் எங்கள் சபையில் நிறைய. நானும் அதில் ஒருத்தி.

போன அன்னையர் தினத்திலும் அப்படித்தான் ஓடினேன். ஆராதனை முடிகிற நேரத்தில், "தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் போதகர். நின்றோம். வாலிபப் பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எங்கள் தெருப் பெண் மட்டும் எழவில்லை. பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அதற்கு முந்தைய நவம்பரில் அவளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. அப்புறம் இல்லை.

வெளியே செருப்பு போடும் இடத்தில் அவளைப் பார்த்தேன். கையில் டப்பாவோடு சும்மா போக மனசு வரவில்லை. "கவலைப்படாதம்மா, கர்த்தர் ஏத்த நேரத்துல தருவாரு" என்றேன்.

"தந்தாரேக்கா" என்றாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் சாப்பாடு போடும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "நீ ஒண்ணும் சொல்லாம வந்திருக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு என்ன தெரியும் என்று சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம் என்று புரிய இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாளில்தான், எப்போதோ படித்திருந்த ஒரு குடும்பத்தின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் சிந்தாதிரிப்பேட்டை. அங்கே சீயோன் ஆலயத்தில் போதகராக இருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். திருநெல்வேலிச் சீமையில் இந்து நாயுடு குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டைப் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். அவர் மனைவி அன்னா, 1832-ல் பிறந்தவர். திருநெல்வேலி மிஷனில் 1830-லேயே குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயத்தின் மகள். 1849-ல் கல்யாணம். 1863-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது.

அன்னா அம்மையார் சும்மா 'போதகர் மனைவி'யாக இருந்துவிடவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வராத குடும்பத்துப் பெண்களைத் தேடி வீடு வீடாகப் போய்ப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார். இத்தனைக்கும் நடுவே தன் பிள்ளைகளை வளர்த்தார். பிள்ளை வளர்ப்பு பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் எழுதினார். அதன் பெயர் 'நல்ல தாய்'.

இப்போது மொபைலைத் திறந்தால் பிள்ளை வளர்ப்புக்கு ஆயிரம் வீடியோ. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு தமிழ்ப் பெண் தன் வீட்டில் பார்த்ததையும் தன் விசுவாசத்தையும் சேர்த்து மற்ற பெண்களுக்காக எழுதினார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது மாமியார் அல்ல, மருமகள்.

அதே வீட்டுக்கு வந்த கிருபாபாய்

கிருபாபாய் 1862-ல் மகாராஷ்டிராவின் அகமத்நகரில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் பதின்மூன்றாவது. பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர் அப்பா. அம்மா ராதாபாய் அந்த முடிவை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கணவர் ஒரு நம்பிக்கையிலும் தான் ஒரு நம்பிக்கையிலுமாகக் கொஞ்ச காலம் வாழ்ந்து, பிறகு மெதுவாகத்தான் அவரும் அந்தப் பக்கம் வந்தார். ஒரே நாளில் இரண்டு பேரும் ஒரே மாதிரி நம்பிவிடுகிற கல்யாணம் அன்றைக்கும் அபூர்வம்தான்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது. அங்கே படிப்பதற்காக 1878-ல் வந்த கிருபாபாய் தங்கியது சத்தியநாதன் குடும்பத்தில். படிப்பில் பரிசுகள் வாங்கினார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பை விடவேண்டியதாயிற்று. பிறகு அந்த வீட்டு மகன் சாமுவேலையே மணந்துகொண்டார். ஊட்டியில் இருந்தபோது முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். கணவரின் வேலையோடு ராஜமுந்திரி, கும்பகோணம் என்று ஊர் மாறி, மறுபடி சென்னை.

அவர்களுக்கு ஒரே ஒரு குழந்தை. முதல் பிறந்தநாள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டது.

'நல்ல தாய்' எழுதிய மாமியார், பிள்ளையைப் பறிகொடுத்த மருமகள். ஒரே குடும்பம், ஒரே ஜெபம், ஒரே பைபிள். அந்தப் பைபிளில் அன்னாள் என்று ஒரு பெண் வருகிறாள், பிள்ளைக்காக அழுதவள். அன்னா என்பது அந்த அன்னாள் பெயரின் இன்னொரு வடிவம்தான்.

கிருபாபாய் எழுதினார். 'சகுணா' என்ற அவருடைய நாவல், கிட்டத்தட்ட அவர் சொந்தக் கதை, 1887-88-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் தொடராக வந்தது. அடுத்த நாவல் 'கமலா'. அதில் வருகிற கமலாவும் தன் குழந்தையை இழக்கிறாள். நோயோடு போராடிக்கொண்டே அதை முடித்தார். 1894-ல், 32 வயதில் இறந்துபோனார். 'சகுணா' புத்தகமாக வந்தது 1895-ல், அவர் இறந்தபிறகு. 1896-ல் இரண்டு நாவல்களும் தமிழிலும் வந்தன.

அன்னையர் தினத்தில் அன்னா எழுந்து நின்றிருப்பார், கைதட்டியிருப்போம். கிருபாபாயை என்ன செய்திருப்போம்? "கர்த்தர் தருவாரு" என்று நான் சொல்லியிருப்பேன், வேறென்ன.

ஒன்பது காசு போதாதா?

இயேசு சொன்ன உவமைகளில் பாதி, வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகப் புரியும். மாவு புளிக்க வைப்பது, உப்பு, விளக்கு, பழைய துணியில் ஒட்டுப் போடுவது, வீடு பெருக்குவது. (மாவு என்றதும் ஒரு வேடிக்கை. தமிழ் பைபிளில் அந்தப் பெண் புளிக்க வைக்கும் மாவின் அளவு 'மூன்று படி' என்று இருக்கும். நாலு பேர் வீட்டு இட்லிக் கணக்கில்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூலத்தில் இருக்கும் அளவுப்படி அது 35 லிட்டருக்கு மேலே. கல்யாணப் பந்தி!)

லூக்காவில் ஒரு பெண், தன்னிடம் இருந்த பத்து வெள்ளிக் காசில் ஒன்று தொலைந்துபோனதும் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். இதைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது: அவளிடம் ஒன்பது இருந்ததே! 'ஒன்பது இருக்கிறதே, போதும்' என்று அவள் சொல்லவில்லை. 'போனால் போகட்டும், இன்னொன்று சம்பாதித்துக்கொள்ளலாம்' என்றும் சொல்லவில்லை. தொலைந்த காசுக்குப் பதில் வேறு காசு கிடையாது. இந்தப் பெண்ணைத்தான் இயேசு கடவுளுக்கு ஒப்பாகச் சொன்னார். நாமோ குழந்தையை இழந்தவளிடம், "வயசிருக்கு, இன்னொண்ணு பொறக்கும்" என்கிறோம். அதுவும் சாமி பேரைச் சொல்லி.

யோபு கதையும் அப்படித்தான். எல்லாவற்றையும் இழந்தார், கடவுள் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்று பிரசங்கத்தில் முடித்துவிடுவோம். கணக்கைப் பாருங்கள். 7,000 ஆடு 14,000 ஆனது. 3,000 ஒட்டகம் 6,000 ஆனது. பிள்ளைகள்? முதலில் ஏழு மகன், மூன்று மகள். கடைசியிலும் ஏழு மகன், மூன்று மகள். பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முதல் பத்துப் பேரையும் கடவுள் கணக்கிலிருந்து எடுக்கவில்லை, அவர்களையும் சேர்த்தால் இருபது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆடு செத்தால் வேறு ஆடு வாங்கலாம்.

அந்த யோபுவின் மனைவியை எல்லோரும் திட்டுவோம். கஷ்டத்தில் இருக்கிற புருஷனிடம் கடவுளைத் தூஷித்து உயிரை விடச் சொன்னவள் என்று. யோபுவுக்குப் பத்துப் பிள்ளைகள் செத்தார்கள் என்றால் அவளுக்கும் பத்துப் பேர்தானே! யோபுவுக்காவது மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தார்கள். அவளோடு உட்கார யார் வந்தது?

அந்த நண்பர்களும் வாயைத் திறக்காத வரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். இதைப் படித்தபோது என் கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை, டீ கேட்டார்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அன்னாள் அழும்போது அவள் கணவன் எல்க்கானா அவளுக்கு இரண்டு பங்கு சாப்பாடு கொடுக்கிறார். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்றும் கேட்கிறார். பாவம், நல்ல மனுஷன்தான். மனைவி அழுதால் பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிற நம்மூர் ஆள் மாதிரி. அவர் கேள்விக்கு அன்னாள் பதில் சொன்னதாகப் பைபிளில் இல்லை. அவள் நேரே கோயிலுக்குப் போய் அழுகிறாள். அங்கே இருந்த குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார்! வீட்டில் கணவனுக்கும் புரியவில்லை, கோயிலில் குருவுக்கும் புரியவில்லை. ஆனாலும் ஏலியை நான் மதிக்கிறேன். அவள் விளக்கம் சொன்னதும் தன் தப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், சமாதானம் சொல்லி அனுப்பினார்.

பெயர்

மூன்றாவது வாரம், சபையில் கொடுத்த அதே டப்பாவில் கொஞ்சம் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன். "பரவாயில்லக்கா, எல்லாரும் சொல்றதுதான்" என்றாள். ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பாவுக்குப் பேர் வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஏழு மாசமாச்சுக்கா. நீங்கதான் முதல்ல கேக்குறீங்க."

பெயரைச் சொன்னாள். பீரோவிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை, ஒரு தொப்பி, எடை எழுதிய அட்டை. ஒரு கிலோ இருநூறு கிராம். பதினோரு நாளும் என்ன நடந்தது என்று நாள் வாரியாகச் சொன்னாள். ஆறாம் நாள் கண் திறந்து பார்த்ததாம். நான் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆறுதல் வசனம் நாக்கு நுனிவரை வருகிறது.

அதற்குள் அவள் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். உள்ளே தன் மகளின் பெயரை அவள் சொல்லிக்கொண்டிருப்பது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கால்கூடக் கழுவாமல், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கண்ணு என்னை மாதிரிக்கா" என்றார். அவர்கள் இரண்டு பேரும் அதுவரை அந்தப் பையை ஒன்றாகத் திறந்ததே இல்லையாம். அவள் அழுவாளே என்று அவரும், அவர் உடைந்துபோவாரே என்று அவளும் ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் பெண்கள் சங்கக் கூட்டத்தில், அடுத்த வருஷம் "தாய்மார்கள் எழுந்து நில்லுங்க" என்று சொல்லவேண்டாம், சபையிலிருக்கும் எல்லாப் பெண்களுக்கும் கொடுப்போம் என்று கேட்டேன். கல்யாணமாகாத அக்காக்கள், பிள்ளை இல்லாதவர்கள், இழந்தவர்கள் எல்லோருக்கும். "டப்பா செலவு இழுக்கும்" என்றார் பொருளாளர். "அப்போ அன்னையர் தினத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் ஒரு பெரியம்மா. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அன்றைக்கு இழந்த பிள்ளைகளின் பெயர்களையும் ஜெபத்தில் சொல்லலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை. பேசிய அந்தப் பெரியம்மாவே, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "எனக்கும் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோ" என்றார்.

டப்பா விஷயம் இன்னும் முடிவாகவில்லை.