பலூனில் பூத்த பூ

திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் பங்குனி உத்திரம், விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல் உற்சவம். திருவிழா என்றால் பலூன்காரர் இல்லாமல் எப்படி? அவர் கையில் நீளப் பலூன் இருந்தால் அது நாயாகும், வாளாகும். கை பழகியவரிடம் பூவும் ஆகும்.

இந்த நீளப் பலூனுக்குத் தொழிலில் 260 என்று பெயர். ஊதினால் 2 அங்குலப் பருமன், 60 அங்குல நீளம் என்பதே அந்த எண்ணின் கணக்கு.

பூ செய்வது எளிது. கைப்பம்பால் காற்றடித்து, இரு முனைகளையும் முடிச்சிட்டு வளையமாக்க வேண்டும். அதை நடுவில் முறுக்கி, இரு பாதியையும் சேர்த்து மூன்றாக மடித்து மீண்டும் முறுக்கினால் ஆறு இதழ்கள் விரியும். பச்சைப் பலூனைக் கோத்தால் காம்பு. அந்தக் காம்பையே மணிக்கட்டில் வளைத்தால் கங்கணம், தலையில் வளைத்தால் கிரீடம்.

பல முறுக்குகள் போட வேண்டிய உருவங்களுக்கு, வால்பகுதியில் கொஞ்சம் ஊதாமல் விடுவார்கள். ஒவ்வொரு முறுக்கிலும் நெருக்கப்படும் காற்று நகர இடம் வேண்டுமே!

ரப்பர் பலூனை 1824-இல் லண்டனில் முதலில் செய்தவர் விஞ்ஞானி மைக்கேல் பாரடே. வாயுச் சோதனைக்காகச் செய்த பை அது. இன்றும் பலூனுக்கு மூலப்பொருள் ரப்பர் மரத்துப் பால்தான். தமிழ்நாட்டில் அந்த மரம் செழிப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில்.

வெடித்த பலூன் துண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் மூச்சே அடைத்துவிடும். விளையாட்டு முடிந்ததும் துண்டுகளை உடனே பொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.